வயிற்று ஒட்டு வலிக்குப் புதிய சிகிச்சை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்காவின் ரிப்போர்ட்டுகள் ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கின்றன. இரண்டு சிசேரியன், இடையில் ஒரு குடல்வால் ஆபரேஷன், அப்புறம் கர்ப்பப்பை நீக்கம். கடைசி ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு வலி ஆரம்பித்தது. குனிந்தால் இழுக்கும், சாப்பிட்டால் முறுக்கும், சில நாள் காரணமே இல்லாமல் படுக்க வைத்துவிடும். ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் நார்மல். “உள்ளே குடல் ஒட்டியிருக்கும்மா, ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து இரவில் போனை வைத்துக்கொண்டு புதிய சிகிச்சை தேடுவது என் வேலையாகிவிட்டது. இரண்டு வருடம் தேடியதில் பல தவறுகளைச் செய்தேன். அதனால் பணம் போனது பெரிதில்லை. அக்காவின் நம்பிக்கை ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கியதுதான் பெரிய இழப்பு. அதே பாதையில் இப்போது நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், ஒட்டு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நகர்வதற்காக மெல்லிய, ஈரமான சவ்வு ஒன்று எல்லாவற்றையும் போர்த்தியிருக்கிறது. ஆபரேஷனில் அது காயப்படுகிறது, உலர்கிறது, ரத்தம் படுகிறது. சில மணி நேரத்துக்குள் அங்கே ஃபைப்ரின் என்ற பசை போன்ற புரதம் படிகிறது. உடம்பு அதைச் சில நாட்களில் கரைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. கரைக்காமல் விட்டால் அதன்மேல் நார் வளர்ந்து, ரத்தக் குழாயும் நரம்பிழையும் நுழைந்து, இரண்டு உறுப்புகளுக்கு நடுவே நிரந்தரமான பாலமாகிவிடுகிறது. அதைத்தான் டாக்டர்கள் அட்ஹீஷன் என்கிறார்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒட்டு உண்டாகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் தீர்மானமாகிவிடுகிறது. கீழே சொல்லப்போகிற பாதி விஷயம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இது அபூர்வமான நோயும் அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதோடு குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை, குடல்வால் ஆபரேஷன்கள் எத்தனை! வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் ஒட்டு இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த வலியும் இருக்காது. இந்தக் கடைசி வாக்கியம்தான் முதல் தவறுக்கு நம்மைக் கொண்டுபோகிறது.

“ஒட்டு இருக்கு, அதனால்தான் வலி” என்று முடித்துவிடுவது

இதைவிட விலையுயர்ந்த தவறு வேறில்லை என்று நினைக்கிறேன். ஆபரேஷன் தழும்பு இருக்கிறது, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, ஆகவே ஒட்டுதான் என்று ஒரு முடிவு எழுதப்பட்டுவிட்டால், அதற்கப்புறம் யாரும் வேறு காரணத்தைத் தேடுவதே இல்லை. நாமும் தேடுவதில்லை. ஒட்டுக்கு மருந்து தேடப் போய்விடுகிறோம்.

மூன்றாவதாகப் பார்த்த சர்ஜன் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, “எங்கே வலிக்குதுன்னு ஒரே விரலால தொட்டுக் காட்டும்மா” என்பதுதான். சிசேரியன் தழும்பின் வலது ஓரத்தில் ஒரு புள்ளியைக் காட்டினாள். அவர் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையையும் தோளையும் மட்டும் படுக்கையிலிருந்து தூக்கச் சொன்னார். வலி அதிகமானது. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்பு வலித்தால், இறுகிய தசை கேடயம் போல நின்று வலியைக் குறைக்க வேண்டும். அதிகமானால் வலி வயிற்றுச் சுவரிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். கார்னெட் என்ற அமெரிக்க சர்ஜன் 1926-ல் எழுதிவைத்த சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். அதுவரை பார்த்த இருவரும் இதைச் செய்திருக்கவில்லை.

வயிற்றுச் சுவரில் ஓடும் தோல் நரம்பு ஒன்று தசையின் ஓரத்தில் அகப்பட்டுக்கொண்டாலோ, தழும்பில் மாட்டிக்கொண்டாலோ, உள்ளே ஏதோ பெரிய கோளாறு என்பது போலவே வலிக்கும். மரத்துப்போகும் ஊசி ஒன்றை அந்தப் புள்ளியில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அக்காவுக்குப் போட்டார்கள். குனியும்போது இழுக்கும் அந்த ஓரத்து வலி பெரும்பாலும் அடங்கியது. சாப்பிட்டபின் முறுக்கும் வலி அப்படியே இருந்தது. ஆக, இரண்டு வருடமாக ஒரே வலி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு வலி.

கேட்டுப் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. மாதவிடாயை ஒட்டி வலி ஏறி இறங்கினால் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய். அதுவே ஒட்டையும் உண்டாக்கும், தனியாக வலியையும் உண்டாக்கும். இருமினால் தழும்பருகே புடைத்தால் தழும்பு ஹெர்னியா. நம் நாட்டில் மறக்கவே கூடாதது வயிற்றுக் காசநோய். அதுவும் குடலை ஒட்டவைக்கும், ஆனால் அதற்கு மருந்து உண்டு. மாலையில் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை இருந்தால் ‘பழைய ஆபரேஷன் ஒட்டு’ என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காசநோயைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள்.

ஸ்கேன்மேல் ஸ்கேன்

சாதாரண அல்ட்ராசவுண்ட், சி.டி. இரண்டிலும் ஒட்டு நேரடியாகத் தெரிவது அரிது. குடல் அடைபட்டிருந்தால், மடங்கி நின்றால், அதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். எனவே ‘நார்மல்’ என்ற ரிப்போர்ட் ஒட்டு இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அதே சமயம் ஸ்கேனில் எதுவும் இல்லாததே ஒட்டு இருப்பதற்கு அத்தாட்சி என்றும் ஆகாது. ஒரே சி.டி.யை வெவ்வேறு இடத்தில் நான்கு முறை எடுத்தோம். அதில் கூடுதலாகக் கிடைத்தது கதிர்வீச்சு மட்டும்தான்.

கொஞ்சம் உருப்படியான புது விஷயம் என்றால் சினி எம்.ஆர்.ஐ. மூச்சை இழுத்து, முக்கி, விடும்போது குடல் வயிற்றுச் சுவரின்மேல் வழுக்கி நகர்கிறதா, எங்காவது பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று படமாக ஓட்டிப் பார்ப்பது. நெதர்லாந்தில் நைமேகன் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. மெஷின் வழக்கமானதுதான். படம் எடுக்கும் முறையும் படிக்கும் கண்ணும்தான் வேறு. அதனால் “சினி எம்.ஆர்.ஐ. எடுப்பீர்களா” என்று கேட்பதைவிட, “ஒட்டு பார்ப்பதற்காக இதைப் படித்துச் சொன்ன அனுபவம் உங்கள் ரேடியாலஜிஸ்டுக்கு உண்டா” என்று கேளுங்கள்.

“பிரித்துவிட்டால் சரியாகிவிடும்”

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஒட்டியிருக்கிறது, சிறு துளையில் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வழியே போய்ப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. நாங்களும் தேதி குறித்துவிட்டோம். அதற்கு முந்தைய வாரம்தான் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2003-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நாள்பட்ட வயிற்று வலியும் ஒட்டும் இருந்த 100 பேர். எல்லோருக்கும் லேப்ராஸ்கோப் விட்டுப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஒட்டைப் பிரித்தார்கள், மீதிப் பேருக்குப் பார்த்ததோடு வெளியே வந்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கத்திலும் வலி நன்றாகக் குறைந்திருந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். அதே ஆட்களை 12 ஆண்டுகள் கழித்து மறுபடியும் விசாரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்கள் மேலாக இல்லை. வலி மாத்திரையும் டாக்டரிடம் போவதும் அவர்களுக்கே அதிகமாக இருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒட்டைப் பிரிக்கும்போது குடலில் ஓட்டை விழலாம். நைமேகனில் முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்த வயிற்று ஆபரேஷன்களைக் கூடவே இருந்து கவனித்ததில், ஒட்டைப் பிரிக்க நேர்ந்தவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்குக் குடலில் காயம் பட்டிருந்தது. பிரிக்க நேராதவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. போதாக்குறைக்கு, பிரித்த இடமும் ஒரு புதுக் காயம்தான். அது மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

அப்படியானால் பிரிக்கவே கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. குடல் அடைப்பு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு அது தேவைப்படலாம். சினி எம்.ஆர்.ஐ.யில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பிடித்திருப்பது தெரிந்து, வலியும் அதே இடத்தில் இருந்து, பிரித்தபின் தடுப்புப் பொருளும் வைத்தால் பலன் கிடைக்கலாம் என்று நைமேகன் குழுவின் அனுபவம் சொல்கிறது. அது குலுக்கல் போட்டு ஒப்பிட்ட ஆய்வு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் தவறென்று சொல்வது, எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாமலே ‘திறந்து பார்த்துடலாம்’ என்பதற்குத் தலையாட்டுவதைத்தான். நாங்கள் தேதியை ரத்து செய்தோம்.

‘புதியது’ என்ற சொல்லில் மயங்குவது

இதை நான் புரிந்துகொள்ள நீண்ட நாளாயிற்று. ஒட்டுக்கு வந்திருக்கும் புதிய கண்டுபிடிப்பு என்று படிக்கிற ஏறக்குறைய எல்லாமே, இனிமேல் உண்டாகப்போகும் ஒட்டைத் தடுப்பதற்கானவை. ஏற்கெனவே முற்றி நாராகிவிட்டதைக் கரைப்பதற்கானவை அல்ல. தலைப்பில் இந்த வித்தியாசம் தெரியாது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

தடுப்புப் பொருள்களையே எடுத்துக்கொள்வோம். இன்டர்சீட் என்ற துணி போன்ற பொருளுக்கு அமெரிக்காவில் 1989-ல் அனுமதி கிடைத்தது, செப்ராஃபிலிம் என்ற மெல்லிய படலத்துக்கு 1996-ல், அடெப்ட் என்ற திரவத்துக்கு 2006-ல். மூன்றுமே ஆபரேஷன் முடியும் தறுவாயில் உள்ளே வைப்பவை அல்லது ஊற்றுபவை. காயப்பட்ட இரண்டு பரப்புகளும் ஆறும்வரை ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. வெளியிலிருந்து ஊசியாகப் போட்டால் பழைய ஒட்டுக்கு எதுவும் ஆகாது. ஒட்டு குறைந்தது என்பதும் வலி குறைந்தது என்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு ஆதாரம் ஓரளவு இருக்கிறது, பின்னதற்கு மிகக் குறைவு.

புதியது என்பதாலேயே நல்லது என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்டர்ஜெல் ஓர் உதாரணம். ஒட்டைத் தடுக்க என்று 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜெல் அது. 2003-ல் தயாரிப்பாளரே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். காரணம், போட்டுக்கொண்டவர்களுக்கு நாட்கள் கழித்து வலி, உள்ளே அந்நியப் பொருளுக்கு எதிரான அழற்சி, மறு ஆபரேஷன் என்று வந்த புகார்கள். வலிக்குப் பயந்து போட்டது வலியாகவே திரும்பி வந்தது.

ஆய்வகங்களில் நம்பிக்கை தரும் வேலை நடக்கிறது, அதை மறுக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் 2018-ல், சவ்வின் மேற்பரப்பு செல்களிலிருந்தே ஒட்டு கிளம்புகிறது என்று காட்டி, அந்த செல்களைக் குறிவைக்கும் எதிர்ப்புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு குழு, டி-5224 என்ற மூலக்கூறால் ஒட்டு உண்டாவதைக் குறைத்தது. இரண்டுமே எலிகளில். இரவு இரண்டு மணிக்கு இந்தச் செய்தியைப் படித்துவிட்டு அக்காவை எழுப்பிச் சொன்னேன். எலி என்ற சொல் நான்காவது பத்தியில் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எதைப் படித்தாலும் மூன்றைத் தேடுவேன்: மனிதரா விலங்கா, தடுப்பா கரைப்பா, அளந்தது ஒட்டையா வலியையா. இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காத செய்தியை அக்காவிடம் கொண்டுபோவதில்லை.

மருந்து ஆய்வில் சேர விரும்பினால் அதற்கும் முறை இருக்கிறது. இந்தியாவில் மனிதர்களிடம் நடக்கும் மருந்து ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். சோதனை மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ‘ஸ்டெம் செல் போட்டால் ஒட்டு கரையும்’ என்று சொல்லும் இடங்களுக்கும் இதே பதில்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சில சிகிச்சைகளைத் தவிர, ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே விற்கக் கூடாது.

கரைக்கும் மாத்திரை, வழித்துவிடும் கை

செராட்டியோபெப்டிடேஸ் நம்மூரில் பல்வலி முதல் சுளுக்கு வரை எழுதப்படும் மாத்திரை. அது தழும்பையும் ஒட்டையும் கரைக்கும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இதைப் பல ஆண்டுகள் விற்ற ஜப்பானிய நிறுவனமான டகேடா, மறு ஆய்வில் அது ஒப்பிடக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் 2011-ல் தானே அதைத் திரும்பப் பெற்றது. அந்த ஆய்வுகள் வீக்கத்துக்கும் சளிக்கும்தான். சுளுக்கு வீக்கத்திலேயே நிரூபிக்க முடியாதது வயிற்றுக்குள் முற்றிய நாரைக் கரைக்கும் என்று எதை வைத்து நம்புவது?

வயிற்றை மெல்ல நீவிவிடும் பிசியோதெரபி வேறு விஷயம். பயிற்சி பெற்றவர் செய்தால் இறுகிய தசை தளர்ந்து சிலருக்கு இதமாக இருக்கிறது. அக்காவுக்கும் இருந்தது. உள்ளே ஒட்டு பிரிகிறது என்று சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். மனிதரில் அதைக் காட்டும் உறுதியான ஆதாரம் இல்லை.

அடைப்பை வாயுவென்று நினைப்பது

மற்ற தவறுகள் பணத்தையும் காலத்தையும் எடுக்கும். இது உயிரையே எடுக்கலாம். ஒட்டினால் சிறுகுடல் முறுக்கி அடைபடலாம். விட்டுவிட்டு அலை அலையாக முறுக்கும் வலி, வாந்தி, வயிறு உப்பல், மலமும் காற்றும் பிரியாமை. இவை சேர்ந்து வந்தால் அது வாயுப் பிடிப்பு அல்ல. சோடா, ஓமத் தண்ணீர், விளக்கெண்ணெய், பேதி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். குடலேற்றம் தட்டுகிறேன் என்று வயிற்றை இழுத்து வழிக்கவும் கூட்டிப் போகாதீர்கள். அடைபட்ட குடலைக் கீழிருந்து முடுக்கினாலும் மேலிருந்து அழுத்தினாலும் ஆபத்துதான். விட்டுவிட்டு வந்த வலி விடாமல் நின்றுவிட்டால், காய்ச்சலோ படபடப்போ சேர்ந்தால், ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. வாய்வழி எதுவும் கொடுக்காமல், சர்ஜன் இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

அடைப்பு என்றதும் ஆபரேஷன் என்று பயந்து வீட்டில் தங்கிவிடுபவர்கள் உண்டு. ஆபத்தான அறிகுறி இல்லையென்றால், மூக்கு வழியே குழாய் விட்டு, டிரிப்ஸ் ஏற்றி, மூன்று நாள்வரை கண்காணித்துக் காத்திருக்கலாம் என்பதே இன்றைய நடைமுறை. கேஸ்ட்ரோகிராஃபின் போன்ற நீரில் கரையும் சாயத்தை உள்ளே விட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலை எட்டிவிட்டால் ஆபரேஷன் இல்லாமலே சரியாக வாய்ப்பு மிக அதிகம்.

சாப்பாட்டிலும் ஒரு சிறு எச்சரிக்கை. வயிற்று வலி என்றாலே நார்ச்சத்து, வாழைத்தண்டு, இசப்கோல் என்று சொல்லிவிடுகிறோம். அடிக்கடி பாதி அடைப்பு வருபவர்களுக்கு அந்த நாட்களில் அதுவே சிக்கல். சக்கையில்லாத உணவாகக் குழையவிட்ட சோறு, வடிகட்டிய ரசம் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலியையே சிகிச்சை செய்யாமல் விடுவது

ஒட்டு போனால்தான் வலி போகும் என்று காத்திருப்பதும் தவறு. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. அதற்கென்று வலி சிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள். குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுத்தபோது, “இது மனநோய் மாத்திரை, எனக்கெதுக்கு” என்று அக்கா இரண்டு மாதம் தொடவில்லை. குடல் நரம்பைத் தணிக்கவும் அதே மருந்து பயன்படுகிறது என்று டாக்டர் பொறுமையாக விளக்கியபின் எடுத்தாள், தூக்கம் வந்தது. எல்லா நரம்பு மருந்தும் எல்லோருக்கும் பலிக்காது. காரணம் தெரியாத இடுப்பறை வலியுள்ள பெண்களுக்கு கபாபென்டின் போலி மாத்திரையைவிட மேலானதல்ல என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2020-ல் சொன்னது. டிராமடால் போன்ற கடுமையான வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவது மட்டும் வேண்டாம். குடலை மந்தமாக்கி மலச்சிக்கலைக் கூட்டும், நாளடைவில் வயிற்று வலியையே வளர்க்கவும் கூடும்.

அடுத்த ஆபரேஷனுக்கு வெறுங்கையோடு போவது

புதிய சிகிச்சையில் உண்மையிலேயே பலன் இருக்கும் நேரம் இதுதான், இதைத்தான் நாம் கோட்டைவிடுகிறோம். வேறு ஏதோ காரணத்துக்காக மறுபடி வயிற்றில் ஆபரேஷன் வருகிறது என்றால், முன்கூட்டியே சர்ஜனிடம் உட்கார்ந்து பேசுங்கள். லேப்ராஸ்கோப்பியில் முடியுமா, தடுப்புப் பொருள் வைக்கும் எண்ணம் உண்டா, வைத்தால் எது, எங்கே? குடலை வெட்டி இணைத்த இடத்தைச் சுற்றி செப்ராஃபிலிம் போர்த்தக் கூடாது என்பது போன்ற விதிவிலக்குகள் இருப்பதால் முடிவு அவருடையது. ஆனால் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும். பவுடர் இல்லாத கையுறைதானே என்றும் கேட்கலாம். கையுறைப் பவுடர் உள்ளே தங்கி ஒட்டை உண்டாக்கும் என்பதும் ஒரு காரணமாக, அமெரிக்கா 2017-ல் பவுடர் கையுறைகளைத் தடை செய்தது.

அதோடு, பழைய ஆபரேஷன் ஒவ்வொன்றுக்கும், உள்ளே என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று சர்ஜன் எழுதும் ஆபரேஷன் நோட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அதில் ‘கர்ப்பப்பை நீக்கப்பட்டது’ என்று ஒரு வரிதான் இருக்கும். அக்காவுடையதைக் கேட்டு வாங்க நாங்கள் நான்கு முறை நடந்தோம். கிடைத்த தாளில், தொப்புளுக்குக் கீழே தழும்பின் உட்புறம் முழுவதும் வபையும் (குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரை) சிறுகுடலும் ஒட்டியிருந்ததாக எழுதியிருந்தது. மஞ்சப்பையில் இப்போது அதுதான் மேலே இருக்கிறது. இனி யார் லேப்ராஸ்கோப் விட்டாலும், அந்த வரியைப் பார்த்துவிட்டு முதல் துளையைத் தொப்புளில் போடாமல் இடது விலா எலும்புக்குக் கீழே போடுவார்கள்.